மலர்வளையத்தைக் கையில் கொடுத்தவர்

காதர் பாய் கறுப்பு வண்டியை எங்கள் அடுகோடி ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறங்காமலே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "ரிப்பேரா, சர்வீஸா, சட்டுனு சொல்லுங்க பாய், கையில வேலை இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினேன். எரிச்சலோடு வெளியே வந்து பார்த்தால், டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர் காலையில போயிட்டார் சார். வண்டியை ஒரு தரம் பார்த்துக் கொடுங்க. நாளைக்கு அவருக்கே போகணும்."

சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. பானெட்டைத் திறந்தேன். பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை, அந்த இன்ஜினின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். லாரிக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சூளையிலும் ஆஸ்டின் டவுனிலும் ஈஜிபுராவிலும் அவரைத் தெரியாத வீடு கிடையாது. சாவு நடக்காத வீடு இல்லை என்பதுதான் காரணம், வேறு பெருமை ஒன்றும் இல்லை. சவப்பெட்டி செய்து விற்றார். கறுப்பு வண்டியில் ஏற்றி ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். வண்டிக்கு முன்னால் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, மூடிய குடையை ஊன்றியபடி நடந்தார். அவ்வளவுதான் அவர் தொழில். கோபக்காரர். மீசை விஷயத்தில் வீண் பெருமை உண்டு. சமையலில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். இறந்துவிட்டார் என்பதற்காக இதையெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மனிதரைப் பார்த்து வாயடைத்து நின்றது என் வாழ்க்கையில் ஒரு தரம்தான். அது இவரால் நடந்தது. எப்படி என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

டிப்ளமா முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில், ரிச்மண்ட் டவுன் பக்கம் சவ வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டது, உடனே வரவேண்டும் என்று ஆள் வந்தது. சைக்கிளில் போனேன். பெட்டியை உறவினர்கள் தோளில் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்விட்டிருந்தார்கள். காலி வண்டிக்குப் பக்கத்தில் காதர் பாயும், குடையோடு இவரும் நின்றார்கள். நான் வாயிலிருந்த சிகரெட்டோடு பானெட்டில் கை வைத்தேன். குடை நுனி என் மணிக்கட்டில் வந்து நின்றது.

"சிகரெட்டைப் போட்டுட்டு வா. சட்டை பட்டனையும் போடு."

"பெட்டிதான் போயிடுச்சே. இது இப்ப வெறும் கார்தானே?"

"இது வெறும் கார்னா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? தள்ளிக்கிட்டுப் போயிருப்பேன்."

பட்டனைப் போட்டேன். பிறகு என் வேலையைப் பார்த்தேன். சூட்டில் நின்றுபோன இன்ஜினுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்காமல் போயிருக்கும்: நெருப்பு, இல்லாவிட்டால் பெட்ரோல். பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். காதர் பாய் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். நீலப் பொறி பளிச்சென்று தாவியது. காயில் சரி, கண்டென்சர் சரி. அடுத்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைத் தளர்த்திச் சுற்றச் சொன்னேன். பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டிய இடத்தில் புஸ் என்று காற்றும் கொஞ்சம் நுரையும் வந்தன. பம்பில் கை வைக்க முடியவில்லை. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிட்டது. பம்பு பெட்ரோலைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. ஈரத்துணியைச் சுற்றினேன். பம்பு ஆறியதும் வண்டி கிளம்பிவிட்டது.

"பெட்ரோல் ஆவியாயிடுச்சு. நடக்கிற வேகத்துல போனா காத்து பத்தாது. அதான்" என்றேன்.

"பதினைஞ்சு வருஷமா நடக்கிற வேகத்துலதான் போறேன், டிப்ளமா. தினமும் ஏன் நிக்கலை?"

அன்றிலிருந்து அவருக்கு நான் டிப்ளமாதான். என் பெயரை அவர் கடைசி வரை கேட்டுக்கொள்ளவே இல்லை.

தினமும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தெரியாததை ஒத்துக்கொள்ளாமல் வேலை செய்தேன். பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி வேறு வழியாக வளைத்தேன். சூடு தாங்கும் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். உச்சி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் ஓசூர் ரோட்டில் ஆள் நடக்கிற வேகத்தில், இரண்டாவது கியரில்கூடப் போடாமல் ஓட்டிப் பார்த்தேன். சிக்கலே இல்லாமல் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகும் ஊர்வலத்தில் சில தரம் நின்றுபோயிற்று. பிறகு காதர் பாய் ஓட்டினால் நிற்கிறது என்றால், கோளாறு காதர் பாய்தான் என்று சொல்லிவிட்டேன். பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோகிறார் என்றேன்.

"நக்கோ சார், அது இல்ல" என்றார் காதர் பாய். "சோக் புடிக்கிற கையில நான் தஸ்பி மணி உருட்டி ஓதிக்கிட்டுப் போறேன். வேணும்னா பக்கத்துல வந்து உக்காந்து பாருங்க."

இந்த நிலையில்தான் தெரேசம்மாள் இறந்தார். ஈஜிபுராவில் பிரசவம் பார்த்த நர்ஸ் அவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. ஊரே திரண்டு வந்தது. வண்டி ஓசூர் ரோட்டில் பாதி வழி போனபோது, மருமகள் ரெஜினா கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, பெட்டி தெரிகிற கண்ணாடியில் கை வைத்தாள். அந்த நிமிஷம் இன்ஜின் இருமி நின்றது. திரும்பக் கிளம்பவே இல்லை.

அவ்வளவு பேருக்கு முன்னால் தெரேசம்மாளின் மகள் லூர்து மேரி சொன்னாள்: "அம்மாவுக்குப் போக மனசில்லை. இவ கை வெச்சா, வண்டி நின்னுடுச்சு. வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

நம் பக்கத்தில் வண்டி நின்றால் இப்படித்தான் பேசுவார்கள். செத்தவருக்கு மனத்தாங்கல், யாரிடமோ எதுவோ பாக்கி என்பார்கள். பெட்ரோல் பம்பு என்று யாரும் நினைப்பதில்லை.

சில நாள் கழித்துச் சவரிமுத்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கோட்டு இல்லாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு டிரங்குப் பெட்டியை எடுத்துக்கிட்டு கோலாருக்கு ரயில் ஏறிடுச்சு. அப்பன் வீட்டுக்கு. அந்த வீட்டுல ஒருத்தரும் அவகிட்ட பேசறதில்லையாம். புருஷன்காரனும் வாயத் தொறக்கலை. என் வண்டி பண்ணின வேலை இது. எனக்குப் பதில் வேணும்."

"வண்டியை மாத்துங்க. பழசு. மிலிட்டரிக்காரங்க கழிச்சுவிட்ட டிஸ்போசல்ல வாங்கினது" என்றேன்.

"வண்டியை மாத்தினா அந்தப் பொண்ணு மேல விழுந்தது போயிடுமா? ஏன் நின்னுச்சுன்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் அவ திரும்பி வருவா."

எனக்குத் தெரிந்த வழியில், சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டேன். எந்தெந்தச் சாவுக்கு வண்டி நின்றது, சொல்லுங்கள் என்றேன். அவர் ஒரு நோட்டும் பார்க்காமல் சொன்னார். யார், எந்தத் தெரு, எத்தனை மணி வெயில், காற்று எந்தப் பக்கம், யார் முதலில் அழுதார்கள், பெட்டி எந்த மரம், எங்கே மேடு, எங்கே போலீஸ்காரர் நிறுத்தினார் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொண்டுபோய்ச் சேர்த்த ஒவ்வொரு மனிதரும் அவர் தலைக்குள் அப்படியே இருந்தார்கள். நான் எழுதி எழுதிக் கை வலித்து நிறுத்தினேன். வெயில் என்று பார்த்தால், மழைத் தூறலில் நின்றிருக்கிறது. மேடு என்று பார்த்தால், இறக்கத்தில் நின்றிருக்கிறது. தூரம் என்று பார்த்தால், அல்சூரிலிருந்து நீளமாக வந்த ஊர்வலத்தில் ஜம்மென்று ஓடியிருக்கிறது. ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. சாக்பீஸைச் சுவரில் எறிந்தேன்.

காதர் பாய் வண்டி மேல் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுதான் தெரியும் சார். கெட்டவன் செத்தா இது ஜோரா ஓடுது. அந்த வட்டிக்காரன் போனானே, ஒரு தும்மல்கூட இல்ல. நல்ல மனுஷங்க செத்தா அடம் புடிக்குது. ஜன்னத்துக்கு, அதான் சொர்க்கத்துக்கு, போறது யாருன்னு இதுக்கும் தெரியும் போல."

நான் சிரித்தேன். சவரிமுத்து சிரிக்கவில்லை. குடையின் பிடியை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்:

"கெட்டவனுக்கு யாரும் பூ வாங்கறதில்லை."

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று.

மலர்வளையங்களை எங்கே வைப்பார்கள்? பெட்டி மேல் கொஞ்சம்தான் இடம். மீதி எல்லாம் வண்டியின் முன்புறத்தில். ரேடியேட்டர் மூடியில் ஒன்றை மாட்டி, அதன் மேல் இன்னொன்று, இரண்டு விளக்குகளிலும் இரண்டு, பானெட் பக்கவாட்டில் காற்றுப் போகிற துவாரங்களை மறைத்து வரிசையாக இன்னும் சில. வைக்கோல் வளையம், ஈரப் பூ, ஈர இலை. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் அடைத்துவிட்டு ஓடு என்றால் எந்த இன்ஜின் ஓடும்? வண்டி நின்றதும் முதலில் என்ன செய்வார்கள்? பானெட்டைத் திறக்க வேண்டுமே என்று பூவையெல்லாம் பயபக்தியோடு எடுத்து ஓரமாக அடுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு ஆள் வரும். நான் பார்த்த வண்டி எப்போதுமே பூ இல்லாத வண்டி. நான் சோதித்துப் பார்த்ததும் பூ இல்லாத வண்டி.

பூ அதிகம் என்றால் நேசித்தவர்கள் அதிகம். யாரை ஊர் மிகவும் நேசித்ததோ அவருக்குத்தான் வண்டி நின்றது. அந்த வீட்டைத்தான் ஊர் சந்தேகித்தது. எவ்வளவு தலைகீழ் பாருங்கள்.

"சரி, முடிஞ்சுது" என்று எழுந்தேன். "கோணியை நனைச்சு முன்னால கட்டி ஓட்டிப் பார்த்துடலாம். அரை மணி வேலை."

"கோணி போட்டு நின்னா, கோணியால நின்னுச்சுன்னுவா லூர்து மேரி. பூவே போடணும். அவளே போடணும்."

மறுநாள் அவர் செய்ததை ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. மார்க்கெட்டிலிருந்து புதுப் பூவில் மலர்வளையங்கள் கட்டி வாங்கிவந்தார். காலிச் சவப்பெட்டி ஒன்றை வண்டியில் ஏற்றி, தெரேசம்மாள் உடம்பு எடைக்கு ஈடாக உள்ளே மணல் மூட்டை வைத்தார். கறுப்புக் கோட்டு, கையுறை, குடை, எல்லாம் போட்டுக்கொண்டார். பரீட்சைக்கு எதற்குக் கோட்டு என்று கேட்டேன். "அன்னிக்கு நான் எந்த வேகத்துல நடந்தேனோ அந்த வேகம் கோட்டு போட்டாத்தான் வரும்" என்றார். அளவைக் கருவியைச் சரிபார்க்காமல் வேலை தொடங்கக்கூடாது என்பது எனக்குப் பாடத்தில் வந்ததுதான். தன்னையே அளவைக் கருவியாக வைத்துக்கொண்ட ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

லூர்து மேரியை வீட்டுக்கே போய் அழைத்தார். அவள் சும்மா வரவில்லை.

"இன்னா மாமா இது, விளையாட்டா? எங்கம்மா போன வண்டியை வெச்சு வேடிக்கை காட்டறீங்களா?"

"வேடிக்கைதான்னு உனக்குத் தோணிச்சுன்னா பாதியில திரும்பிடு. அன்னிக்கு எப்படிப் பூ வெச்சியோ அப்படியே வை. ஒண்ணு குறைஞ்சாலும் சொல்லு."

அவள் வைத்தாள். முதலில் கோபத்தோடு வைத்தாள். போகப் போகக் கை மெதுவாயிற்று. இது சித்தி வெச்சது, இது ஆஸ்பத்திரிக்காரங்க வெச்சது, இது பக்கத்து வீட்டு கௌடர் வெச்சது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாட்டினாள். முடிந்தபோது வண்டிக்கு முன்பக்கமே இல்லை, பூதான் இருந்தது. அவள் தம்பி, ரெஜினாவின் புருஷன், தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனையும் நடக்கச் சொன்னார்.

கிளம்பினோம். முன்னால் அவர், பின்னால் வண்டி, வண்டிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்காவும் தம்பியும். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். கடைக்காரர்கள் பாதிக் கதவை இழுத்தார்கள். ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். முனையில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு ஸ்வாமி ஹோகிரோது?" என்று கன்னடத்தில், போவது யார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரூ இல்ல. இன்ஜின் பரீட்சே" என்றார் சவரிமுத்து, நடையை மாற்றாமல், முகத்தைத் திருப்பாமல்.

போலீஸ்காரர் தொப்பியைப் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் கடக்கிற வரை அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முதுகைப் பார்த்ததும் போய்விட்டது. பெட்டிக்குள் மணல்தான் இருக்கிறது என்று அறிந்த ஒரு மனிதர், மணலுக்கும் அதே மரியாதையில் நடந்துகொண்டிருந்தார்.

ரேடியேட்டரில் நீர் கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வாடிய பூ வாசனையோடு சூட்டு வாசனை கலந்து வந்தது. அன்று நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, இன்ஜின் இருமியது. குலுங்கியது. நின்றது. காதர் பாய் ஸ்டார்ட்டரை அமுக்கினார், சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். பிடிக்கவில்லை.

சவரிமுத்து அப்போதுதான் திரும்பினார். என்னைப் பார்த்து, "நீ சொல்லு, டிப்ளமா" என்றார்.

"நானா? நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவங்களைத் தெரியும்."

"நான் சொன்னா ஆறுதல்னு நினைப்பாங்க. என் தொழில் அது. நீ சொன்னா நம்புவாங்க. உனக்குத்தான் ஆறுதல் சொல்லவே வராதே."

அது பாராட்டா, ஏச்சா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லூர்து மேரியிடம் நேராகச் சொன்னேன். "பெட்டியில யாரும் இல்லை. உங்க தம்பி பொண்டாட்டி கோலார்ல இருக்கா. இருந்தும் நின்னுச்சு. காத்து போற வழியெல்லாம் பூ அடைச்சுக்குச்சு, சூட்டுல பெட்ரோல் கொதிச்சுப்போச்சு. பூ ஜாஸ்தி. அவ்வளவுதான்."

பெட்ரோல் குழாயைத் தளர்த்தி, நுரை வருவதைக் காட்டினேன். அவள் நுரையைப் பார்க்கவில்லை.

"அப்ப எங்கம்மாவுக்கு எங்க மேல கோவம் இல்லையா?" என்று கேட்டாள்.

அவள் ரெஜினாவைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கவில்லை. இத்தனை நாளும் அவள் தன்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கடைசி நாட்களில் தாயோடு ஏதோ வாக்குவாதம் இருந்ததாம். அந்தப் பயத்தைத் தாங்க முடியாமல்தான் மருமகள் தலையில் போட்டிருக்கிறாள். அவள் கேள்வி என் படிப்பில் வராது. நான் "பூ ஜாஸ்தி" என்றேன் மறுபடியும். வேறு என்ன சொல்ல? அவள் அங்கேயே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"இன்னும் இன்னாடா உக்காந்திருக்கே? கோலாருக்கு ரயில் எப்போன்னு போய்ப் பாரு. நானும் வரேன். நான்தானே கூப்பிடணும்."

ரெஜினா திரும்பி வந்தாள். அதோடு விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன். "இனிமே வண்டி மேல பூ வைக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டுங்க" என்று சவரிமுத்துவிடம் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாவு வீட்டுல போய், பூ வைக்காதே, இன்ஜின் சூடாயிடும்னு சொல்லணுமா? பெத்தவளைப் பறிகொடுத்தவன்கிட்ட? உன்னை மெஷின்ல போட்டுக் கடைஞ்சு எடுத்தாங்களா, இல்லை ஒரு பொம்பளை பெத்தாளா?"

"பின்னே நின்னுபோகட்டும். இன்னொரு ரெஜினா கோலாருக்குப் போகட்டும்."

அவருக்கு என் மேல் வந்த கோபத்தில் குடை உடைந்துவிடும் என்று பயந்தேன். குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவர் கோபத்துக்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இறந்தார். பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள், ஆளுக்கு ஒரு மலர்வளையத்தோடு. வண்டி இந்தத் தடவை நிச்சயம் நிற்கும், ஈரத்துணி எடுத்துக்கொண்டு போவோம் என்று நானும் போனேன். சவரிமுத்து வண்டியின் முன்னால் நின்றிருந்தார். முதல் ஆள் மலர்வளையத்தை ரேடியேட்டர் மேல் மாட்டக் குனிந்தான். அவர் அதைத் தன் கையுறைக் கைகளில் வாங்கினார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வண்டிக்கு எதுக்குப்பா பூ? கல்லறை வரைக்கும் நீயே கொண்டு போ. அவருக்காக நீ தூக்கறது இதுதான் கடைசி."

அந்த ஆள் ஒரு பெரிய ஆபீஸில் அதிகாரி. மலர்வளையத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அடுத்தவரிடமும் அதையே சொன்னார், அடுத்தவரிடமும். கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டியே இல்லாமல் போயிற்று. வண்டிக்கு இரு பக்கமும் இரண்டு வரிசை அமைந்தது, ஒவ்வொருவர் கையிலும் பூ. அதுவரை சாவு ஊர்வலம் என்றால் பின்னால் கும்பலாக வந்துகொண்டே வியாபாரம் பேசுவார்கள், பீடி பற்றவைப்பார்கள். கையில் பூ இருந்ததால் அன்று ஒருவரும் பேசவில்லை. வண்டி வெறும் முகத்தோடு, காற்று வாங்கிக்கொண்டு, நடுவில் போயிற்று. ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தேன். தாங்கக்கூடிய சூடு.

நான் வாயடைத்து நின்றது அங்கேதான். பெட்ரோல் ஆவியாவதற்கு நான் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினேன். அவர் அதற்கு ஒரு சடங்கு செய்தார். யாரிடமும் எதையும் பிடுங்காமல், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வைத்துவிட்டுப் போக வந்த ஒவ்வொருவருக்கும் இன்னும் அதிகமாக ஒன்றைக் கொடுத்து, என் இன்ஜினை ஆற வைத்துவிட்டார். ரேடியேட்டரைப் பெரிதாக்கலாம், மின்விசிறி இறக்கையைக் கூட்டலாம் என்று நான் போட்ட படங்கள் ஒர்க்‌ஷாப் மேஜையில் கிடந்தன. வீட்டுக்குப் போகும் வழியில் அவற்றைக் கிழித்துப்போட்டேன்.

பிறகு அது பரவியது. மற்ற வண்டிக்காரர்களும் அப்படியே செய்தார்கள். மலர்வளையத்தை ஏந்தி நடப்பது நம் முன்னோர் காலத்து வழக்கம் என்று ஒரு சாமியார் சர்ச்சில் பிரசங்கத்தில் சொன்னதாகக் காதர் பாய் வந்து சொன்னார். "கேட்டீங்களா?" என்று சவரிமுத்துவைக் கேட்டேன். மீசையை நீவிக்கொண்டார். "சாமியார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ வாயை மூடிக்கிட்டு இரு. நான் இருக்கிற வரைக்கும் இதைப் பேசாதே. இன்ஜினுக்காகன்னு தெரிஞ்சா பூவைக் கீழே போட்டுடுவாங்க."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் இல்லை, சொல்லிவிட்டேன். யாரும் பூவைக் கீழே போட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த பயம் எனக்கு இல்லை, அவர்களை அவர் நடத்திய விதத்தைப் பார்த்தவன் நான்.

அவரை எடுத்த அன்று நடப்பவர்களின் வரிசை தெரு முனை தாண்டி நின்றது. முன்னால் நடக்க ஆள் இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். காதர் பாய் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, அதற்கு ஏற்ற வேகத்தில் ஓட்டினார். மதராஸிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், வழக்கம் தெரியாதவர், பெரிய மலர்வளையம் ஒன்றை விளக்கில் மாட்டப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து மேரி அவர் கையைப் பிடித்தாள்.

"வண்டிக்கு எதுக்கு அண்ணா பூ? நீங்களே கொண்டு வாங்க. அவருக்காக நீங்க தூக்கறது இதுதான் கடைசி."

அவளுக்குப் பக்கத்தில் ரெஜினா நின்றாள், இரண்டு கையிலும் பூவோடு. பெட்ரோல் கதை அந்த இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

கல்லறைத் தோட்ட வாசலில் இன்ஜினை நிறுத்தினோம். மண் போட்டு, ஜெபம் முடிந்து, எல்லாரும் கலைய நேரமாயிற்று. இன்ஜின் இன்னும் சூடாகத்தான் இருந்தது. காதர் பாய் ஸ்டார்ட்டரில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முதல் அமுக்கிலேயே பிடித்துக்கொண்டது.

அவரிடமிருந்து எனக்கு என்ன தங்கியது என்று கேட்டால், ஒரே ஒரு கேள்விதான். சூட்டில் நின்றுபோன வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் நான் இப்போது உடனே பானெட்டைத் திறப்பதில்லை. கூட வந்தவர்களைக் கூப்பிட்டு, "நான் பார்க்கறதுக்கு முன்னாடி இதிலேருந்து எதை எடுத்து வெச்சீங்க?" என்று கேட்கிறேன். பலர் விழிக்கிறார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறார்கள். அவர்கள் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய பொறுமையை மட்டும் அவர் எனக்குத் தரவில்லை. சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.